ராய்ஸின் முன்னாள் மனைவி

கிளெண்டாவுக்கு ஆகஸ்டில் அறுபத்தைந்து ஆகிறது. இடுப்பு மூட்டு தேய்ந்து வருஷக்கணக்காகிறது. தனியார் காப்பீடு எடுக்க வசதியில்லை. "மெடிகேர் வரட்டும்" என்று சொல்லிச் சொல்லியே வலிக்கு வாய்தா கொடுத்துவந்தாள். அறுபத்தைந்து வயதானவர்களுக்கான அந்த அரசாங்கக் காப்பீட்டில் பெயர் பதியத்தான், ஜூன் மாதப் புழுக்கத்தில், லோவெல் அவளைத் தன் பழைய டிரக்கில் ஏற்றி மலைப்பாதை இறங்கி அந்த அலுவலகத்துக்குக் கூட்டிவந்திருந்தான்.

லோவெல், சாலைத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவியை இழந்தவன். பதினாலு வருஷமாக இருவரும் ஒரே வீடு. கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அவன் கேட்பதும், பார்க்கலாம் என்று அவள் தட்டிக்கழிப்பதுமாகவே ஓடிவிட்டது. இந்த வசந்தத்தில்தான் அவள் சரி என்றாள். செப்டம்பரில், அவன் தங்கை போகிற சர்ச்சில்.

காத்துக் காத்து அலுத்தபின் கவுன்ட்டரில் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட இளம்பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"மேடம், ஆஸ்பத்திரிச் செலவுக்கான பாகம் இலவசமா வேணும்னா பத்து வருஷமாவது வரி கட்டி வேலை பாத்திருக்கணும். உங்களுக்குக் குறையுது."

"முப்பது வருஷமா ஊரான் வீட்டு பாத்ரூமக் கழுவியிருக்கேன்மா."

"சம்பளத்துல வரி பிடிச்சாங்களா?"

"கையில காசாக் குடுத்தாங்க. நானும் வாங்கிக்கிட்டேன்."

பணம் கட்டியும் சேரலாம் என்று அந்தப் பெண் சொன்ன மாதத் தொகை, அவர்கள் வீட்டு வாடகையைவிடக் கூடுதல்.

லோவெல் முன்னால் சாய்ந்தான். "செப்டம்பர்ல எங்களுக்குக் கல்யாணம். என் பேர்ல சேத்துக்க முடியாதா?"

"கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகணும் சார்." அவள் கிளெண்டாவிடம் திரும்பினாள். "முன்னாடி கல்யாணம் ஆயிருக்கா மேடம்?"

"ராய்ஸ்னு ஒருத்தன். பதினோரு வருஷம் கூட இருந்து சீரழிஞ்சேன்."

"பத்து தாண்டிடுச்சே. அப்ப அவர் வரி கட்டின கணக்குல உங்களுக்கு இலவசமாவே கிடைக்கும். அவர்கிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். ஆனா நீங்க இப்போதைக்கு வேற கல்யாணம் பண்ணக் கூடாது."

லோவெல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

ராய்ஸ் பிறந்த தேதி? ஊர்? அவன் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்த பிறந்த வீட்டுப் பெயர்? கேட்கக் கேட்க கிளெண்டாவின் வாயிலிருந்து தடையில்லாமல் வந்துவிழுந்தது. மார்ச் ஒன்பது. பைக்வில். ஆர்லீன் டாக்கெட். முகத்தையே மறந்துபோனவனின் ஜாதகம் முழுக்க எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

டிரக் திரும்பி மலைப்பாதை ஏறத் தொடங்கியது.

"ஒரு வருஷம் பொறுத்துப் பாக்கட்டுமா?" என்றாள் கிளெண்டா. "நாம கல்யாணத்தப் பண்ணிக்குவோம். ஆபரேஷன் அப்புறம் பண்ணிக்கலாம்."

"பாத்ரூம் போறதுக்கே செவுத்தப் புடிச்சுக்கிட்டுப் போற. பேசாம இரு."

"உன் தங்கச்சி கேப்பாளே?"

"உன் அண்ணிக்கு இன்னும் பழைய புருஷன் மேல ஆசைன்னு சொல்லிட்டாப் போச்சு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். இடுப்பு வலித்தது.

கொஞ்ச தூரம் போனதும் லோவெல் சாலையைப் பார்த்தபடியே கேட்டான். "என் அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரு என்னன்னு உனக்குத் தெரியுமா?"

கிளெண்டா யோசித்தாள். அந்தக் கிழவிக்குக் கடைசி இரண்டு வருஷம் தலைவாரிவிட்டவள் அவள். நெற்றித் தழும்புகூட நினைவிருக்கிறது. அந்தப் பெயர் மட்டும் வரவில்லை.

"தெரியல."

"ஸ்டம்போ" என்றான் அவன். குரலில் கோபமில்லை. களைப்புத்தான் இருந்தது.

ஆகஸ்டுக்கு முன்பே காப்பீட்டு அட்டை தபாலில் வந்துசேர்ந்தது. லோவெல்தான் டாக்டருக்குப் போன் செய்து நாள் வாங்கினான். செப்டம்பர் கடைசியில் கிடைத்தது. தங்கையிடம் சர்ச் வேண்டாம் என்று சொல்வதையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டான்.

அறுவைக்கு முந்திய மாலை அவன் சூப் கொண்டுவந்து வைத்தான். கிளெண்டா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நடக்க ஆரம்பிச்சதும் உன் அம்மா கல்லறைக்கு ஒரு நட போய்ட்டு வரலாம்."

"முதல்ல நட" என்றான் லோவெல்.