மாமன் கொண்டுவந்த மீன்

கார்காலம் தோபா ஏரியின்மேல் தவம்போல் இறங்கியிருந்தது. மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேகத்துள் முகம் மறைக்க, ஏரி தன் நீலத்தைத் துறந்து சாம்பல் பூசிக் கிடந்தது. வயல்களில் கதிர் ஈன்றும் ஈனாத பயிர்கள் தலைகவிழ்ந்து நின்றன. ஆர்ப்பரிக்காத மழை, இரவும் பகலும் ஒரே சுருதியில் தகரக் கூரைகளின்மேல் ஓதிக்கொண்டே இருந்தது. அந்த மாதத்தில் தேவாலய மணியோசைகூட நனைந்து கனத்தே வரும்.

அத்தகைய ஞாயிறு ஒன்றில்தான் தியுர்மாவின் மகள் ரோத்துவா சபையில் திடப்படுத்தல் பெற்றாள். பதினாறு வயது. வெள்ளுடை தரித்து, விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல்லும் தடுமாறாமல் ஒப்புவித்த மகளைக் கண்டு தாயின் நெஞ்சு நிறைந்தது. நிறைந்த அந்த நெஞ்சு, வீடு திரும்பிய ஒரு மணி நேரத்துக்குள் எரியத் தொடங்கியது.

எட்டு மாதங்களாக ரோத்துவா ஊன் உண்பதில்லை. பாட்டனாரின் எலும்புகளைப் புதிய கல்லறைக்கு மாற்றிய விருந்தில் ஏழு பன்றிகள் அறுபட்டன. குழம்பில் சேர்க்கும் குருதியைப் பிடிக்க அவள் கையில்தான் சட்டியைக் கொடுத்திருந்தார்கள். ஏழாவது பன்றி, அவளே தவிடும் கிழங்கிலையும் வைத்து வளர்த்தது. அன்று அவள் அழவில்லை. "அம்மா, இனிமே எனக்கு வேணாம். மீனும் வேணாம்" என்று மட்டும் சொன்னாள். தியுர்மா மறுபேச்சின்றி மகளுக்கென ஒரு தனிச்சட்டி எடுத்துவைத்தாள். ஊருக்கு உண்மை சொல்லத்தான் துணிவு வரவில்லை. அறுபட்ட விலங்கின் ஒவ்வோர் உறுப்பும் ஓர் உறவுக்கு உரியது. தலை இன்னாருக்கு, விலா இன்னாருக்கு. பங்கை மறுப்பவர் உறவையே மறுக்கிறார் என்பது பாத்தாக் குலத்தார் எல்லோரும் அறிந்தது. ஆகவே, "பிள்ளைக்கு வயித்துல புண்ணு" என்று சொல்லிவைத்தாள். கேட்டவர் எல்லோரும் இரங்கினார்கள். பொய் இத்தனை சௌகரியமானது என்பதை அவள் அதுவரை அறிந்ததில்லை.

பாய்கள் விரித்துப் பந்தி அமர்ந்தது. ரோத்துவா தன் கிழங்கிலைக் கறியில் இரண்டு வாய் உண்டிருப்பாள். தியுர்மாவின் கணவனுடைய அண்ணன் பார்லின். அவன் மனைவி மருலி கைகொட்டிச் சிரித்தாள்.

"பாத்தீங்களா! ரெண்டு கரண்டி ரத்தக்குழம்பு அதுல கலந்துவிட்டேன், ஒண்ணும் தெரியாம முழுங்குறா. எட்டு மாசப் புண்ணு ஒரே நாள்ல ஆறிப்போச்சு!"

பந்தியே சிரித்தது.

"புண்ணா? எல்லாம் டவுன் பள்ளிக்கூடத்துத் திமிரு" என்றான் பார்லின். "ஏம்மா, நாளைக்கு உன் கல்யாணத்துல பூசணிக்காயை வெட்டியா பங்கு வெப்போம்? தலை யாருக்கு, வாலு யாருக்கு?"

ரோத்துவா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே ஓடிய தியுர்மா, மழையில் குனிந்து வாந்தியெடுக்கும் மகளின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். காலையில் பலிபீடத்தின்முன் மண்டியிட்ட வெள்ளுடையில் பழுப்புக் கறை தெறித்திருந்தது.

"அம்மா, நீ புண்ணுன்னு சொன்னதுனாலதானே பெரியம்மா மருந்து ஊத்துனாங்க?" என்றாள் ரோத்துவா, மூச்சு வாங்கியபடி.

அதில் குற்றச்சாட்டு இல்லை. இல்லாததே சுட்டது.

உள்ளே, தியுர்மாவின் அண்ணன் மங்காசி காத்திருந்தான். அக்கரையிலிருந்து படகேறி வந்தவன். மஞ்சளும் மசாலாவும் ஊறிய முழுக் கெண்டை மீன், சோற்றின்மேல் தலை நிமிர்த்தி, அவன் முன்னிருந்த தட்டில் கிடந்தது. பெண் கொடுத்த வீட்டார் அக்குலத்தாருக்குக் கண்ணுக்குத் தெரியும் தெய்வம். தாய்மாமன் கையால் அந்த மீனை உண்டால்தான் பிள்ளைக்கு ஆசி. வாழ்நாளில் ஒருமுறை வரும் ஆசி அது.

"மாமன் மீனை வேணாம்னு சொன்னா இந்த வீட்டுக்கு ஆசியே கெடையாது" என்றான் பார்லின். "அப்புறம் வெளைச்சல் இல்ல, வம்சம் இல்லன்னு எங்கிட்ட வந்து அழக்கூடாது."

தியுர்மாவின் கணவன் சாவுத் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து சொல் வராது என்பது அவளுக்குத் தெரியும். மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தவள் உட்காரவில்லை.

"புண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. நான் சொன்னது பொய். என் மக ஒரு உயிரைக் கொன்னு திங்கமாட்டா, அவ்வளவுதான். அதைச் சொல்ல எட்டு மாசமா எனக்கு வாய் வரல. அதுக்கு என்னைத் திட்டுங்க. ஆனா அக்கா, கர்த்தர் முன்னாடி மண்டிபோட்டு வந்த புள்ள தட்டுல ஒளிச்சு ஊத்துனீங்களே, அது எந்த ஊரு வழக்கம்? பன்னிக்குத் தவிடு வெக்கிறப்பகூட நாம ஏமாத்துறதில்லையே!"

மருலி தன் தட்டின்மேல் குனிந்துகொண்டாள்.

"பெண் குடுத்தவங்க முன்னாடி குரலை ஒசத்துறியா?" என்று பார்லின் எழுந்தான்.

தியுர்மா அவனை ஏறிட்டும் பாராமல் அண்ணன் முன் அமர்ந்தாள். அண்ணன் எழுந்து போய்விட்டால், மகளின் தலை என்றென்றும் ஆசியற்ற வெறுந்தலைதான். "அண்ணே, அவ பங்கு மீனையும் சேத்து நானே திங்கிறேன். ஆசியை மட்டும் அவளுக்குக் குடு."

மங்காசி மீனைப் பார்த்தான். முகம் கறுத்திருந்தது.

"மூணு மணி நேரம் படகுல இதை மடியில வெச்சு, நான் நனைஞ்சு, இது நனையாம கொண்டாந்தேன். மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, தங்கச்சி?"

"மீன் இல்லாம ஆசியா? கேள்விப்பட்டதே இல்ல" என்றான் பார்லின்.

"பெண் குடுத்தவன் நான், ஆசி என்னோடது. நீங்க உக்காந்து சாப்பிடுங்க மச்சான், ஆறிப்போகுது."

அவன் மீன்தட்டைத் தங்கையின்பக்கம் தள்ளினான். தியுர்மா ஒரு துண்டைப் பிட்டு வாயிலிட்டாள். மென்று விழுங்கினாள். பார்லின் அமரவும் இல்லை, போகவும் இல்லை. சன்னலருகே முதுகு காட்டி நின்றான். மங்காசி தான் கொண்டுவந்த நெய்த சால்வையை ரோத்துவாவின் ஈரத் தோள்களில் சுற்றினான். பிறகு தங்கையிடம் ஒரு கிண்ணம் அரிசி கேட்டான்; உச்சியில் வைத்த அரிசி உயிரை உறுதிப்படுத்தும் என்பது குலத்தார் நம்பிக்கை.

கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுத் தியுர்மா மகளருகே மண்டியிட்டாள். கைகோத்து, கண் மூடி, தலை தாழ்த்தினாள். மங்காசியின் உதடுகள் ஒலியின்றிச் செபித்தன. பிறகு, அவன் மும்முறை அரிசியை அள்ளி, ரோத்துவாவின் உச்சியில் சிந்தாமல் வைத்தான்.

"இந்த அரிசிமணி மாதிரி உனக்குள்ள உன் உயிர் உறுதியா இருக்கட்டும், மருமகளே. யாரும் அதை அசைக்கவேணாம். நீ போற வழியெல்லாம் கர்த்தர் கூடவே வரட்டும்."