சொல்லுங்க, எழுதுதேன்

பேனா தாளுக்கு மேலே நிற்கிறது, இன்னும் தொடவில்லை, ஜெபக்கனியின் தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அங்கிருந்து யாரோ சொல்லப்போவதைக் கேட்டுக்கொள்வதற்காக, ஆனால் அங்கே சுவர்தான் இருக்கிறது, தபால் வழியில் பி.ஏ. வரலாறு எழுத வந்தவர்கள் மடமடவென்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பாதிப் பேருக்கு அவள் மகன் வயது, அவள் மட்டும் முதல் கேள்வியை வாசித்துவிட்டு, சோழர் காலக் குடவோலை முறையை விளக்குக, சரி, சொல்லுங்க, எழுதுதேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு காத்திருக்கிறாள். சற்று முன்புதான் பதிவெண் கட்டத்தில் கணவர் ஆசீரின் பழைய எண்ணை எழுதிவைத்திருந்தாள், கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு, இது யாரு நம்பரும்மா என்றார், எங்க வீட்டுக்காரர் நம்பர் சார், அவரா பரீட்சை எழுதுதாரு, இல்ல சார், நாந்தான், என்று சொன்னபோது அவளுக்கே அது பொய் மாதிரி இருந்தது.

ஆசீருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை, வீட்டில் அவள் புத்தகத்தை வாசிப்பாள், அவர் கேட்பார், பரீட்சையில் அவர் சொல்வார், அவள் எழுதுவாள், பி.ஏ., எம்.ஏ. எல்லாம் அப்படித்தான், பரீட்சை அறையில் அவள் உட்கார்ந்த நேரத்துக்கு ஒரு பட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம், கல்யாணமான புதிதில் அவளும் வரலாறு படிக்கத்தான் ஆசைப்பட்டாள், ஆனால் எழுதித் தருகிறவர் பரீட்சைக்காரரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும், அதே பாடம் படித்தவராக இருக்கவே கூடாது என்பது விதி, நீ வரலாறு படிச்சிட்டா எனக்கு யாருட்டி எழுதுவா என்று ஆசீர் கேட்டார், கெஞ்சலாகத்தான் கேட்டார், அதுக்கென்ன, நீங்க முடிங்க மொதல்ல என்றாள் அவள், படிக்காதவள் என்ற தகுதியில் கிடைத்த வேலை, அவர் முடித்து, வேலை கிடைத்து, கல்லூரியில் பாடம் நடத்தவும் போய்விட்டார், அவளுடைய முறை மட்டும் வரவில்லை. குடத்தில் ஒருவர் பெயர் எழுதிய ஓலை விழ வேண்டுமென்றால் அவருக்கு நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், எத்தனை தடவை சத்தமாக வாசித்திருப்பாள் இதை, அந்தக் குடத்துக்குள் அவள் பெயர் ஒருநாளும் விழுந்திருக்காது.

போன வருடம் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை வீட்டுக்கு வந்திருந்தார், நீங்க என்ன படிச்சிருக்கீங்க என்று அவளைத்தான் கேட்டார், ஆசீர் முந்திக்கொண்டார், அவ படிக்கல, எனக்கு எழுதினா, அவ கைதான் என் கை. பெருமையாகத்தான் சொன்னார், அந்த அம்மாளும் உருகிப்போனார், அவளுக்குத்தான் சுருக்கென்றது, கை மட்டும்தானா, கைக்கு மேலே ஒன்றும் கிடையாதா, சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்களே, இத்தனை வருடம் அவள் சட்டியா, அகப்பையா, அதைத் தெரிந்துகொள்ளத்தான் பணம் கட்டி இந்த அறைக்கு வந்திருக்கிறாள், வந்தும் தெரியவில்லை.

ஏனென்றால் எம்.ஏ. பரீட்சையிலும் இதே கேள்விதான், குடவோலை பற்றிய அந்த உத்தரமேரூர்க் கல்வெட்டு யார் காலத்தது என்ற இடத்தில் ஆசீர் ராஜராஜன் என்றார், என்றதாக அவளுக்கு ஞாபகம், தாளிலோ பராந்தகன் என்று விழுந்தது, அதுதான் சரி, சொன்னதை எழுத வேண்டுமே தவிரத் திருத்தக் கூடாது, திருத்தினாளா, கனவில் சில நாள் அவரே தெளிவாகப் பராந்தகன் என்கிறார், சில நாள் உதடு மட்டும் அசைகிறது, சத்தமே வரவில்லை, விழித்த பிறகு எது நடந்தது, எது கனவில் கண்டது என்று பிரிக்க முடியவில்லை, அரை மார்க்கில் கிடைத்த தங்கப் பதக்கம் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, அவள்தான் துடைக்கிறாள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், ஆனால் அவர் சொன்னது என்றால் அவள் வெறும் அகப்பை, அவளாக எழுதியது என்றால் பதக்கம் அவருடையது இல்லை, எந்தப் பதிலும் வேண்டாம் என்று கேட்காமலே இருந்துவிட்டாள். இன்று காலை பரீட்சைக் கூடத்து வாசலில் அவள் கையைத் தொட்டுப் பார்த்து, என்ன இப்படிக் குளுந்து கெடக்கு, பயப்படாதட்டி, எனக்கு எழுதின மாதிரியே எழுது என்றார், எப்படிங்க எழுதினேன் என்று கேட்டாள், மணி அடிச்சிட்டாங்க, போ என்றார்.

பேனா தாளைத் தொடுகிறது, எப்போது தொட்டது என்று தெரியவில்லை, குடமும் ஓலையும் தாளில் இறங்குகின்றன, வாரியங்கள் வருகின்றன, பக்கம் திரும்புகிறது, கல்வெட்டு என்ற சொல் வந்ததும் இடது காதில் ஆசீரின் குரல், நிதானமாக, ராஜராஜன் காலத்தில், கமா, தலை தானாகச் சாய்கிறது, கை கேட்கவில்லை, பராந்தகன் காலத்தில் என்று எழுதுகிறது, கமாவை மட்டும் போடுகிறது. அப்படியானால் அன்றைக்கும் இப்படித்தான், அப்படியானால் அவருக்கும் தெரியும், தாம் ராஜராஜன் என்று சொன்னது தமக்குத் தெரியாமலா இருக்கும், அந்தத் தப்புக்கு மார்க் போயிருந்தால் அரை மார்க்கில் கிடைத்த பதக்கம் ஏது, தெரிந்துமா அவ படிக்கல என்றார், தெரிந்ததால்தான் இன்று வாசல்வரை வந்தாரா, கோபமா சந்தோஷமா என்று புரியாமல் கண் நிறைகிறது, இந்தக் குரலும் அவளாக இட்டுக்கட்டியதாக இருக்கலாம், அதுவும் தெரியவில்லை, தெரியாமலே எழுதுகிறாள், தாள் நிரம்பிவிட்டது, பேனா பிடித்த கை மேலே உயர்கிறது, கண்காணிப்பாளர் திரும்பிப் பார்க்கிறார், சார், எனக்கு இன்னொரு தாள் வேணும்.