குட்டையன் வாங்கிய அடிகள்

சிறைக் காவலர் சம்மட்டி ஒரு கைதியின் தாடையில் விட்ட குத்தில், ஊரின் மறுகோடியில் அவர் வீட்டு அலமாரியில் இருந்த புத்தகங்களுக்குள் வேறொருவனுக்கு இரண்டு பற்கள் போயின. அன்று நல்ல மழை. கைதிக்கும் பல் போனது. அதில் குறை ஒன்றும் இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, டீயைக் குடித்தபடி மூன்றாம் தொகுதியைப் பிரித்தார் சம்மட்டி. போன வாரம்வரை ரொட்டியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்த கப்பல் மெக்கானிக், அதே பக்கத்தில் அதே ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். அச்சுப்பிழை என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினார்.

தூரக்கலம் என்பது தொலைக்காட்சியில் பல வருடங்கள் ஓடிய ஒரு விண்வெளித் தொடர். இரண்டு சூரியன்களுக்கு நடுவில் கப்பல் மாட்டிக்கொண்டு நிற்கும் கட்டத்தில், என்ன காரணமோ, அதை நிறுத்திவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களால் தாங்க முடியவில்லை. செவிலியர்கள், கணக்குப்பிள்ளைகள், பஸ் டிரைவர்கள், கல்யாணமாகிப் பேரன் எடுத்தவர்கள் என்று ஆளாளுக்கு மீதிக் கதையை எழுத ஆரம்பித்தார்கள். யாரோ புண்ணியவான் அவற்றைத் திரட்டி, மட்டமான தாளில், வெயில் பட்டால் பசை விட்டுப்போகிற அட்டையோடு, தொகுதி தொகுதியாக அச்சடித்தார். சம்மட்டிக்கு முதல் தொகுதி சிறை வாசலில் பறிமுதல் செய்த மூட்டை ஒன்றில் கிடைத்தது. தொடரில் மூலையில் நின்று ஸ்பேனரை நீட்டுவதோடு வேலை முடிந்துபோகிற மெக்கானிக் குட்டையனுக்கு, இந்த ரசிகர்கள் பல்வலி கொடுத்திருந்தார்கள், தூக்கத்தில் பேசுகிற வழக்கம் கொடுத்திருந்தார்கள், ஊரில் காத்திருக்கிற அம்மாவைக் கொடுத்திருந்தார்கள். குட்டையனைப் பற்றித் தன்னைத் தவிர இன்னும் இத்தனை பேர் கவலைப்பட்டிருக்கிறார்களா என்று சம்மட்டி அந்தப் பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்தார். அதற்குப் பிறகு விடுமுறை நாள் என்றால் பழைய புத்தகக் கடைகளில்தான் கிடப்பார். மூன்றாம் தொகுதிக்கும் பிறகே கண்ணில் பட்ட, அட்டையில் கப்பல் தலைகீழாக அச்சாகியிருந்த இரண்டாம் தொகுதிக்காக, ரயில் நிலையத்துக்கு எதிரே, கண்ணாடி போட்ட ஒரு பள்ளி ஆசிரியரின் விரலை முறித்தார். ஆசிரியரும் லேசுப்பட்டவர் இல்லை. புத்தகத்தை விடுவதற்கு முன் சம்மட்டியின் காதைக் கடித்து வைத்தார்.

விரல் விஷயத்தில்தான் சங்கதி உறுதியானது. அன்று மாலை எல்லாத் தொகுதிகளிலும் குட்டையன் ஒரு விரலில் கட்டோடு வேலை செய்துகொண்டிருந்தான். சம்மட்டி அடித்தால் குட்டையனுக்கு விழும். மற்ற காவலர்கள் அடித்தால் விழாது. எவனுக்கு விட்டாலும், எதற்காக விட்டாலும், கை சம்மட்டியுடையதாக இருந்தால் போதும். ஒரு திருடனின் நெற்றியைக் கம்பியில் மோதிய மறுநாள், மனைவி அலமாரிக்குக் கீழே ஒரு கிண்ணத்தை வைத்திருந்தாள்.

"உங்க புத்தகம் ஒழுகுதுங்க. துடைச்சுத் துடைச்சு எனக்குக் கை விட்டுப்போச்சு" என்றாள்.

அவள் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். நனைந்த தொகுதிகளைக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டாள். நெற்றிக்காயம் வருகிற பக்கம் மட்டும் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டே இருந்ததால், பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊசியில் நீல நூலைக் கோத்து அந்தப் பத்தியின் குறுக்கே நெருக்கமாக ஏழெட்டுத் தையல் போட்டாள். கசிவு நின்றது. குட்டையனின் நெற்றியில் நீல நூல் தையல் இருப்பதைப் பார்த்துக் கப்பல் டாக்டர் ஆச்சரியப்பட்டதாக ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது. அந்த வருடம் முழுக்க வீட்டு நடைமுறை அப்படித்தான் போயிற்று. பகலில் அவர் அடிப்பார், சாயங்காலம் அவள் தைப்பாள். கடைசியில் ஒருநாள் அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்க அடிச்சுக்கிட்டே இருப்பீங்க, நான் தைச்சுக்கிட்டே இருக்கணுமா? பாவம், அவன் உங்களுக்கு என்ன பண்ணான்?"

"அது வேலைம்மா. அடிக்கலைன்னா கேப்பாங்க."

"கேக்கட்டும்."

சம்மட்டி தந்திரம் கண்டுபிடித்தார். கைதியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரை அடிப்பார். கைதி ஐயோ அம்மா என்று அலற வேண்டும். அந்த நாட்களில் கப்பலின் சுவர்கள் அங்கங்கே நசுங்கியிருந்தன, குட்டையன் அவற்றைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான். ஆனால் கைதிகளின் முதுகில் தழும்பு இல்லாதது எத்தனை நாள் மறைந்திருக்கும்? சக காவலர்கள் அவரைப் பஞ்சு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டவர்களில் ஒருவனைப் பொறுக்க மாட்டாமல் ஒரே ஒரு தடவை வயிற்றில் குத்திவிட்டார். குட்டையன் படுத்த படுக்கையானான். எந்தக் கதையை எடுத்தாலும் அவன் போர்வைக்குள் கிடந்தான். கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் தண்ணீர் ஊட்டினார். விலா எலும்பு ஒன்று நுரையீரலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, இனி தும்மினால்கூட ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில் பஸ் வேலைநிறுத்தம் வந்து ஊரே ஸ்தம்பித்தது. பணிமனைக்குத் தீ வைத்தார்கள், துப்பாக்கிச்சூட்டில் ஆட்கள் செத்தார்கள். தலைவர்கள் தலைமறைவானார்கள். அவர்கள் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்தவர் என்று ஒரு டிரைவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பேச்சுக் கொடுத்ததில், நான்காம் தொகுதியில் அவர் எழுதிய கதை ஒன்று இருப்பது சம்மட்டிக்குத் தெரியவந்தது.

"குட்டையனோட அம்மா செத்துப்போற கதை... அது நீ எழுதினதா?"

"ஆமா சார். ஏன், அதுவும் குத்தமா?"

சம்மட்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கம்பிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அவன் இப்ப நல்லா இல்லப்பா. பொழைக்கிறதே கஷ்டம்."

"என்ன ஆச்சு?"

"நான்தான்."

டிரைவர் அவருடைய கைகளைப் பார்த்தார். வேலைநிறுத்தக்காரர்கள் சில விஷயங்களை அதிக விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

மறுநாள் காலை டிரைவரைத் தச்சுப் பட்டறை மேஜைமேல் குப்புறப் போட்டுக் கட்டினார்கள். ஒரு காவலனிடம் ரப்பர் குழாய், இன்னொருவனிடம் பலகை. கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். பாதங்களில் ஆரம்பித்து மேலே வந்தார்கள். டிரைவர் முதலில் கெட்ட வார்த்தை பேசினார், பிறகு கத்தினார், பிறகு சத்தம் நின்றுவிட்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் பார்க்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மேஜையிலிருந்து சொட்டிய ரத்தம் மரத்தூளில் உருண்டைகளாகத் திரண்டது.

"யோவ் பஞ்சு, வேடிக்கை பாக்கவா உனக்குச் சம்பளம்? தலையில ஒண்ணு போடு. பேசினா பேசட்டும், இல்லைன்னா விட்டுத்தள்ளு" என்றார் கண்காணிப்பாளர்.

சம்மட்டி மூலையிலிருந்த கதவுத் தாழ்ப்பாள் கட்டையை எடுத்தார். டிரைவரின் கழுத்தில் நரம்பு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கேப்டனின் கரண்டியும், போர்வைக்குள் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்த அந்தச் சின்ன நெஞ்சும் அவருக்கு ஞாபகம் வந்தன. யாரை அடித்தாலும் குட்டையன் தாங்கமாட்டான். இவர்களை அடித்துத் தடுக்காவிட்டால் இந்த ஆள் தாங்கமாட்டான். வாய்விட்டு, "மன்னிச்சிருடா" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று அங்கிருந்தவர்களுக்குப் புரியவில்லை. கட்டையின் முதல் வீச்சு கண்காணிப்பாளரின் வாயில், பிஸ்கட்டோடு, இறங்கியது. ரப்பர் குழாய்க்காரனின் முழங்கால் சில்லு தெறித்தது. பலகைக்காரன் திருப்பி அடித்தான். சம்மட்டியின் புருவம் கிழிந்து கண்ணை மறைத்தது. கண் தெரியாமலே அவன் கையை இரண்டு இடத்தில் உடைத்துவிட்டு, உளியால் கயிற்றை அறுத்தார்.

அதே நேரத்தில் வீட்டில் அலமாரி ஆடத் தொடங்கியதாக அவர் மனைவி பிற்பாடு சொன்னாள். தொகுதிகள் ஒவ்வொன்றாகக் குதித்து விழுந்தன. எலும்பு நொறுங்குகிற சத்தம் தெருவரை கேட்டது. அவள் மெஷினை விட்டு ஓடிவந்து, எந்தப் பக்கத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் கையில் அகப்பட்டதையெல்லாம் தைத்தாள். ஊசி உடைந்தது. இன்னொன்று எடுத்தாள். ரத்தம் வாசற்படி தாண்டிச் சாக்கடைக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "என்னக்கா, யாருக்கு என்ன?" என்றாள்.

"எங்க வீட்டுப் புள்ளைதாம்மா" என்றாள் இவள். "போயிட்டான்."

குட்டையனை எல்லாத் தொகுதிகளிலும் ஒரே சமயத்தில் துணி சுற்றி விண்வெளியில் விட்டார்கள். டிரைவர் பிழைத்தார். ரத்தத்தோடு அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய சம்மட்டியைத் தெருவே பார்த்துவிட்டதால், சத்தமில்லாமல் முடித்துவிட வழியில்லாமல் போனது. விசாரணை நடந்தது. ஊன்றுகோலோடு விடுதலையான டிரைவர் நேராகச் சம்மட்டியின் வீட்டுக்கு வந்து, தன் கதையைக் கேட்டு வாங்கிப் படித்தார். அதில் இப்போது அம்மா சாகவில்லை. மகன் செத்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் அம்மாவைக் கொன்னேன். அவர் புள்ளையைக் கொன்னுட்டார்" என்று சொல்லிவிட்டு, டிரைவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சம்மட்டிக்குத் தண்டனை கிடைத்தது. வேலை பார்த்த அதே சிறையிலேயே போட்டார்கள். பழைய சகாக்கள் வாரம் தவறாமல் வந்து கவனித்தார்கள். தாடை கட்டிப்போன கண்காணிப்பாளரால் அடிக்கச் சொல்லிச் சைகைதான் காட்ட முடிந்தது, ஆனால் அது போதுமானதாக இருந்தது. முதல் அடி விழுந்த மாலையே தொகுதிகளில், ஆளில்லாத இஞ்சின் அறைத் தரையில், பெரிய கைகள் உள்ள ஒருவன் ரத்தக் காயத்தோடு குப்புறக் கிடந்தான். எங்கிருந்து வந்தான் என்று கேப்டனுக்குத் தெரியவில்லை. சம்மட்டியின் மனைவிக்குத் தெரிந்தது. புருவத் தழும்பைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நூல் கோத்தாள். சிறை டாக்டர் மறுநாள் அவருடைய முதுகைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா யாருய்யா தைச்சது?" என்று கேட்டார்.

"வீட்ல" என்றார் சம்மட்டி. டாக்டர் அதையே எழுதிக்கொண்டார்.

வருடங்கள் ஓடி, அவர் வெளியே வந்தார். இடது காது கேட்காது, கை நடுங்கும். ஒரு மரக்கடையில் சுமை தூக்கினார். கூட வேலை செய்தவன் ஒருநாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தபோது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். புத்தகம் வாங்குவதை அவர் நிறுத்தவில்லை. டிரைவர் கைவசம் இருந்தவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார், அலமாரி இரண்டானது. ஆனால் தொகுதிகளைத் தானே பிரிக்க மட்டும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை. இஞ்சின் அறையில் பெரிய கைக்காரன் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தான்; கப்பல்காரர்கள் அவனைப் புது ஆள் என்று கூப்பிட்டார்கள். அவனுக்கும் கப்பல் சமையல்காரனுக்கும் ஆகவில்லை. நாளுக்கு நாள் தகராறு முற்றிக்கொண்டிருந்தது. சம்மட்டி வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்:

"இன்னைக்கு என்ன பண்ணேன்?"

மனைவி பல்லால் நூலைக் கடித்துவிட்டுச் சொல்வாள்: "இஞ்சினைத் துடைச்சீங்க. சமையல்காரன் உங்க மேல கொதிக்கிற சூப்பை ஊத்தினான். நீங்க யாரையும் அடிக்கல."

சம்மட்டி தலையாட்டிவிட்டுக் கை கால் கழுவப் போவார். பக்கத்து வீட்டுக்காரி வெளியிலிருந்து கத்தி, சூப்பு எங்கே பட்டது, கொப்புளம் வந்திருக்கிறதா என்று விசாரிப்பாள். கழுத்தில் லேசாக, என்று அவரே சட்டையை விலக்கிக் காட்டுவார்.