பதில் வராமல் கயிற்றை இழுக்கக் கூடாது

"தயாரா?" என்று கேட்டாள் செலி.

எதிரே யாரும் இல்லை. மேசை விளிம்பில் ஸ்பிரிங் துப்பாக்கி, குழலுக்குள் நெல்லிக்காய் அளவு எஃகுக் குண்டு, கையில் அதை விடுவிக்கிற கயிறு. தூரத்தில் தரையில் வெள்ளைத் தாளை ஒட்டி, அதன் மேல் கார்பன் தாளைப் பரப்பியிருந்தாள். குண்டு பாய்ந்துபோய்க் கார்பன் மேல் விழுந்தால் வெள்ளைத் தாளில் புள்ளி பதியும். புள்ளிவரைக்கும் அளந்தால் குண்டின் வேகம் கிடைத்துவிடும். வழக்கமாக அந்த இடத்தில் எஸ்த்ரி குத்தவைத்து உட்கார்ந்து "தயார்" என்று குரல் கொடுப்பாள். விழுந்த குண்டு எகிறி மறுபடி விழுந்து தாளைக் கெடுப்பதற்குள் லபக்கென்று பிடித்தும் விடுவாள். பதில் வராமல் கயிற்றை இழுக்கக் கூடாது. எந்தக் காலத்திலோ எவனுடைய மண்டையோ உடைந்ததிலிருந்து அந்த ஆய்வுக்கூடத்தில் அது சட்டம். சுவரில் சிவப்பு எழுத்தில் ஒட்டியும் வைத்திருந்தார்கள்.

செலி திரும்பி ஹானுங்கைப் பார்த்தாள். மூன்றாம் ஆண்டு மாணவன், ஜாவா வழக்கப்படி இளையவர்களுக்கெல்லாம் 'மாஸ்', அதாவது அண்ணன். இன்றைக்கு மேற்பார்வை அவன். ஜன்னலோர நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"பதில் சொல்ல ஆள் இல்லையே மாஸ்."

"நீயே சொல்லிக்கோ."

"தயார்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கயிற்றை இழுத்தாள். குண்டு போனது, டொக்கென்று விழுந்தது, எகிறி உருண்டு அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. செலி முட்டி போட்டுத் தவழ்ந்து, தூசியும் ஒட்டடையுமாக அதை வெளியே எடுத்தாள்.

வகுப்பைத் தவறவிட்டவர்கள் பிறகு தனியாக வந்து செய்வதற்கு இந்த மாலாங் நகரில் இன்ஹால் என்று பெயர். தண்டனை இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் இருவர் செய்கிற வேலையை ஒருத்தி செய்ய வேண்டும், மேற்பார்வையாளர் தப்பைப் பார்த்தாலும் சொல்லக் கூடாது, கருவியைத் தொடக் கூடாது, தொட்டால் அத்தனையும் செல்லாது. இதற்குத் தண்டனை என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பது? இன்று தேறாவிட்டால் செலிக்கு இந்தப் பாடம் போய்விடும். பாடம் போனால் மறைமாவட்டம் தருகிற படிப்புச் செலவு நின்றுவிடும். அதற்கு மேல் சொந்த ஊரான லாரந்துக்காவுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

போய்விட்டால்தான் என்ன என்றும் இந்த ஒரு வாரமாக அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

ஊருக்குக் கிளம்பிய அன்று செய்முறைக் குழுவின் வாட்ஸப்பில், "அப்பாவுக்கு ரொம்ப முடியலை, ஊருக்குப் போறேன்" என்று போட்டிருந்தாள். ஒவ்வொருவராகக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். எஸ்த்ரி, தானாங், ஹானுங், எல்லோருமே. அதற்குக் கீழே போன வாரம் யார் மழைக்கோட்டை மறந்துவிட்டுப் போனது என்கிற பேச்சு. சுராபாயாவில் கப்பலுக்குக் காத்திருந்தபோதும், கடல் கொந்தளித்துக் கப்பல் வழியில் ஒதுங்கி நின்றபோதும், செலி அந்தக் கட்டைவிரல்களைத் திறந்து திறந்து பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் அப்பாவின் சமாதிக்கு மேல் ஈரச் சிமெண்ட். மகளுக்காக அடக்கத்தை முடிந்தமட்டும் தள்ளிப்போட்டுப் பார்த்ததாக அம்மா சொன்னாள். சிமெண்ட் காயட்டும் தொடாதே என்று சித்தப்பா சொன்னார். ஒரு பிடி மண் போடக்கூட அவளுக்கு வாய்க்கவில்லை.

திரும்பி வந்த அன்று எஸ்த்ரி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் செலி, மாலாங்கில் எல்லோருக்கும் அவள் லினா. "லினா! ஊர்லேருந்து எங்களுக்கு என்ன கொண்டாந்தே?" பாவம், அவளைக் குறை சொல்லி என்ன பண்ண. ஜாவாவில் யார் எங்கே போய் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். அம்மா அழுதுகொண்டே கட்டிக்கொடுத்த சோள அவல் பையில் இருந்தது. செலி பிரித்து வைத்தாள். நன்றாக இருக்கிறது, மொறுமொறுவென்று இருக்கிறது என்று எல்லோரும் சாப்பிட்டார்கள். அவளுடைய இடத்துக்கு வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டதாகவும், கோபித்துக்கொள்ளக் கூடாது என்றும் எஸ்த்ரி சொன்னாள். அப்பாவைப் பற்றி ஒருவர் கேட்க வேண்டுமே! தானாகச் சொல்ல செலிக்கு மனம் வரவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றுதான் இருந்தாள். ஒருவராவது கேட்டுவிட்டால் இந்த ஊரில் இருந்துவிடலாம் என்றுகூட உள்ளுக்குள் ஒரு கணக்கு போட்டு வைத்திருந்தாள்.

மறுபடி குண்டைப் போட்டாள். தயாரா, தயார். டொக். அலமாரி. தவழ்தல். அதற்கடுத்தது சுவரோரம் போனது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கேள்வியும் பதிலும் ஒரே வாயிலிருந்து வருவது முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் அவளுக்கு வருத்தமாக இருந்தது.

குண்டு எவ்வளவு வேகமாகப் போனாலும் தரையைத் தொடுகிற நேரம் ஒன்றுதான் என்று பாடத்தில் இருந்தது. படுக்கையாகச் சுட்டால் தூரம்தான் கூடும், நேரம் கூடாது. கையிலிருந்து நழுவவிட்டாலும் அதே நேரத்தில்தான் விழும். கப்பலில் அவள் மனம் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. விமானத்தில் போயிருந்தால்? அப்பாவின் நேரம் மாறியிருக்காது. ஆனால் மண் போட்டிருக்கலாம்.

போதும் என்று தோன்றியபோது குனிந்து கார்பன் தாளைத் தூக்கினாள். கீழே வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தது. ஒரு புள்ளி இல்லை. திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கார்பனின் மைப்பக்கம் மேலே பார்த்தபடி இருந்திருக்கிறது. தாள் பரப்புவது எப்போதும் எஸ்த்ரியின் வேலை, கயிறு இழுப்பது செலியின் வேலை. மைப்பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் யோசிக்க நேர்ந்ததில்லை. இத்தனை நேரம் சுட்டதில் அவள் விரல்கள்தான் நீலமாகியிருந்தன.

ஹானுங் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கிற மாதிரி இருந்தான்.

"நீங்க பாத்தீங்கல்ல மாஸ்? ஆரம்பத்துலேயே?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"இன்ஹால்ல சொல்லக் கூடாது, லினா. உனக்கே தெரியும்."

அவள் குரல் உயரவில்லை. "தெரியும். நீங்க எல்லாருமே அப்படித்தான். எல்லாத்தையும் பாப்பீங்க. பாத்துட்டுக் கட்டைவிரலத் தூக்கிக் காட்டுவீங்க."

அவன் முகம் மாறியது. செலி கார்பனைத் திருப்பிப் போட்டாள். மணி ஆகிவிட்டது, இருள் கட்டிக்கொண்டு வந்தது, இனி முதலிலிருந்து எல்லாம். கண்ணில் நீர் முட்டியது. துடைத்தால் முகமெல்லாம் மையாகும் என்று துடைக்காமலே மேசைக்குத் திரும்பினாள். குண்டைக் குழலுக்குள் தள்ளி ஸ்பிரிங்கை இழுத்து மாட்டினாள்.

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. போகிறான் போலிருக்கிறது, போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். கயிற்றைப் பிடித்தாள்.

"தயாரா?"

தானே பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். தாளுக்கு அந்தப் பக்கம் ஹானுங், செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு குத்தவைத்திருந்தான். இரண்டு கையையும் எஸ்த்ரி மாதிரியே குவித்து நீட்டியிருந்தான்.

"செல்லாமப் போயிடும் மாஸ்."

"கருவிய நான் தொடல. உருண்டு வந்தத பொறுக்கினேன்னு சொல்லிக்கிறேன்."

அவள் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தாள். தயார் என்று அவன் சொல்லவில்லை. நீட்டிய கைகளைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்டான்.

"அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக எதிர்பார்த்த கேள்விதான். ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவரைக் கேட்கிற கேள்வியாக வந்து சேர்ந்திருந்தது.

"முதல்ல தயார்னு சொல்லுங்க மாஸ்," என்றாள். "அப்புறம் சொல்றேன்."

"தயார்," என்றான் அவன்.

இழுத்தாள். குண்டு டொக்கென்று விழுந்து எகிறியது, அவன் உள்ளங்கைக்குள் அடங்கியது. அவள் நடந்துவந்து அவன் எதிரில் முட்டி போட்டுக் கார்பன் தாளை ஓரமாகத் தூக்கினாள். வெள்ளைத் தாளில் ஒரு நீலப் புள்ளி. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்ததற்குக் குண்டு வேண்டுமென்று அவள் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.