ஏரிக்கரை வழி

வல்லம் வடகால் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தங்கமாரிக்கு ஊர் கோவில்பட்டி. வேலைக்காகப் பக்கத்து ஊரான வடக்குப்பட்டில் மூன்று தோழிகளோடு வாடகை அறையில் இருந்தாள். ஏரிக்கரை வழியாகப் போனால் தொழிற்சாலை மூன்று கிலோமீட்டர். ஆனால் கரை முழுக்கச் சீமைக்கருவேல முள். அதனால் எல்லோரும் பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் எட்டு கிலோமீட்டர் சுற்றிப் போனார்கள்.

சுதந்திர தின கிராம சபைக்குத் தோழி கவியாவோடு வேடிக்கை பார்க்கத்தான் போனாள். கரியமில வாயுவைக் குறைக்க ஊராட்சி என்ன செய்யப்போகிறது என்று மாவட்டத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. தலைவி எழிலரசி அதை வாசித்ததும் ஒருவர் மரக்கன்று நடலாம் என்றார். போன வருஷக் கன்றுகளை ஆடு மேய்ந்த கதையை இன்னொருவர் எடுத்தார்.

தங்கமாரி எழுந்தாள். "எங்களுக்கு ஓட்டு கோவில்பட்டிலக்கா. பேசலாமா?"

"இந்த ஊரு தண்ணியத்தான குடிக்கிற. பேசு."

கரையைச் சீர்செய்து கொடுத்தால் சைக்கிளில் போவோம், பெட்ரோல் புகையே இருக்காது என்றாள். அவளைப் போல ஊரில் வாடகைக்குத் தங்கியிருந்த பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஊர்க்காரர்களும் கை தூக்க, தீர்மானம் நிறைவேறியது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாதை திறந்தது. முதலில் ஓட்டிப் போகச் சொல்லி ஒரு சைக்கிளைத் தலைவி தங்கமாரியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"எனக்கு ஓட்டத் தெரியாதுக்கா."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா கேட்ட?"

"கன்டெய்னர் லாரி ஓடுற ரோட்டுல எப்படிக்கா பழக? வழி கெடைச்சா பழகலாம்னுதான்."

தலைவிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. "அப்ப இன்னிக்கே பழகு" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் கவியா. மூன்று பேரும் விழுந்து எழுந்து கரையெல்லாம் புழுதி கிளப்பினார்கள். மத்தியானத்துக்குள் மிதிக்க வந்துவிட்டது. நிறுத்தத்தான் வரவில்லை.

கரை முடிந்து சரிவு தொடங்கியதும் சைக்கிள் பறந்தது. தொழிற்சாலை வாசல் காவலர் துள்ளி விலகினார். தங்கமாரி நேராகச் செம்பருத்தி வேலிக்குள் போய் விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைமா என்று காவலர் கேட்டார். அவள் வேலிக்குள் கிடந்தபடியே வயிறு வலிக்கச் சிரித்தாள். அதற்குள் பின்னால் தலைவியின் சைக்கிளும் அதே வேலிக்குள் வந்து புகுந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு அவரும் அன்றுதான் ஏறியிருந்தாராம்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குக் கரை வழியே முப்பத்தொரு சைக்கிள்கள் போயின. தங்கமாரி எல்லோருக்கும் முன்னால், மணியை விடாமல் அடித்துக்கொண்டு.