அறைக்கு நாலு பேர்

மாலை வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த வேலை முதலில் சுலபமாகத்தான் தெரிந்தது. தொகுதியில் நிற்கும் வேட்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, முக்கியமான பிரச்சினைகளில் அவருடைய நிலைப்பாடு என்ன என்று எழுதிவர வேண்டும். நம் கருத்தைக் கலக்கக் கூடாது. இதழியல் சான்றிதழ்ப் படிப்பில் அதுதான் கடைசிப் பயிற்சி.

நான் ஊர்க்காவலன் அண்ணாச்சியை எடுத்துக்கொண்டேன். சுயேச்சை. தையல் மெஷின் சின்னம். பகலில் நான் வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்தில்தான் அவருடைய நோட்டீசும் அடிக்கக் கொடுத்திருந்தார். அதைக் கம்ப்யூட்டரில் அடித்தவளும் நான்தான். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வார் என்று நினைத்தேன். பெரிய கட்சிக்காரர்களிடம் போய்ப் பேச எனக்குத் தைரியம் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

அச்சக வாசலில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் சரவெடித் தடை.

"அது கோர்ட்டு விசயம் தாயி. எம்.எல்.ஏ. நெனைச்சா நீக்கிர முடியாது. நீக்கிருவேன்னு சொல்றவன் பொய் சொல்றான். பட்டாசுக்கு மாத்து வெடிமருந்து ஆராய்ச்சி எங்கன நடக்குது, எம்புட்டுல நிக்குதுன்னு சட்டசபையில கேப்பேன். அம்புட்டுத்தான் என்னால முடியும்."

தீக்காய சிகிச்சைக்கு வெம்பக்கோட்டைப் பக்கமே தனி வார்டு வேண்டும் என்றார். மதுரைக்குக் கொண்டுபோகிற வழியில் உயிர் போகக் கூடாது. குடிதண்ணீரைக் கேட்டபோது சிரித்தார். "எல்லாரும் சொல்றதைத்தான் நானும் சொல்வேன். எழுதிக்கோ."

நாலாவதாக, பட்டாசு அறைகளில் கூடுதலாக ஆள் வைப்பதைப் பற்றிக் கேட்டேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. "சட்டப்படி ஒரு ரூமுக்கு நாலு பேரு. அதுக்கு மேல ஆள் வச்சா ரூமைப் பூட்டணும். உள்குத்தகைக்கு விட்டவனோட லைசென்ஸைப் பிடுங்கணும். இதுல மட்டும் எறங்கி வர மாட்டேன்."

லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை அவர் வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பார். வாடகைக்கு எடுத்தவர் போட்ட பணத்தை எடுப்பதற்காக, ஓர் அறையில் எத்தனை பேரை உட்கார வைக்க முடியுமோ அத்தனை பேரை வைப்பார். இங்கே இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பூட்டினால் அங்கே வேலை பார்க்கும் பெண்கள் எங்கே போவார்கள் என்று நான் அடுத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் அம்மா கருப்பம்மாள் தாயில்பட்டிப் பக்கம் அப்படி ஓர் அறையில்தான் வெடிக்குத் திரி செருகுகிறாள். அவள் கூலியில்தான் வீடு ஓடுகிறது. என் சம்பளம் படிப்புக்கும் பஸ்ஸுக்கும் சரியாகிவிடும். கேட்டால் என் கருத்தைக் கலந்ததாகிவிடுமோ என்று தயங்கினேன். கேட்காமல் விட்டதும் கலந்ததுதானே என்று அன்று முழுவதும் மனது அரித்தது.

"நாளைக்குத் தாயில்பட்டிப் பக்கம் போறோம். வேணும்னா கூட வா," என்றார் அண்ணாச்சி. ஊருக்குள் தெருவில் ஓட்டுக் கேட்கப் போகிறார் என்று நினைத்துச் சரி என்றேன்.

மறுநாள் கொடி கட்டிய வண்டிக்கு அனுமதி வந்து சேரவில்லை. அதனால் அவருடைய மைத்துனரின் வெள்ளை பொலேரோவில் கிளம்பினோம். கொடி இல்லை, மைக் இல்லை. முன் சீட்டில் வெள்ளைச் சட்டையில் அண்ணாச்சி. பின்னால் மடியில் ஃபைலும் கழுத்தில் வகுப்பு அடையாள அட்டையுமாக நான். பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரிவோம் என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

"பகல்ல ஊருக்குள்ள யாரு இருப்பா? எல்லாரும் வேலையில இருப்பாக. அங்கனயே போயிருவோம்," என்று அவர் வண்டியை மண் பாதையில் திருப்பச் சொன்னார். அது அம்மா வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போகிற பாதை.

தூசி எழுந்ததும் யாரோ தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. அறைகளிலிருந்தும் வேப்பமரத்தடியிலிருந்தும் பெண்கள் எழுந்து ஓடினார்கள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சீமைக்கருவேலங் காட்டுக்குள் பாய்ந்தார்கள். சோதனைக்கு ஆபீசர்கள் வந்தால் அதுதான் வழக்கம். அறையில் நாலு பேர் இருப்பார்கள், மிச்சம் அத்தனை பேரும் காட்டில்.

வண்டி நிற்பதற்குள் அண்ணாச்சி இறங்கிவிட்டார். "ஏ, ஓடாதீக! தட்டைக் கீழ வையிங்க! மருந்து இருக்கு, ஓடாதீக!"

அதட்டிப் பழகிய போர்மேன் குரல். அதைக் கேட்டு இன்னும் வேகமாக ஓடினார்கள். கடைசியாக ஓடியது என் அம்மா. கையில் மருந்து அடைத்த வெடிகள் அடுக்கிய தட்டு.

அந்த இடத்துப் போர்மேன் சங்கிலிமுத்து கையைக் கட்டிக்கொண்டு வந்தார். "வாங்க சார். ரூமுக்கு நாலு பேருதான் சார். நீங்களே பாத்துக்கோங்க."

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. "இம்புட்டுச் செருப்பும் நாலு பேருதா?" என்றார் அண்ணாச்சி.

"பழைய செருப்பு சார்."

"யோவ், நான் ஓட்டுக் கேக்க வந்தவன்யா."

சங்கிலிமுத்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "அப்பக் கொடி எங்க சார்?"

அண்ணாச்சி காட்டைப் பார்த்துத் தன் பேரையும் சின்னத்தையும் சொல்லிக் கூப்பிட்டார். ஓர் இலைகூட அசையவில்லை. பங்குனி வெயில், முள், நடுவில் அம்மா, அவள் கையில் அந்தத் தட்டு. நான் கூப்பிட்டால் வருவாள். ஆனால் கருப்பம்மாள் மகள் யாரோடு வந்தாள் என்பது சங்கிலிமுத்துவுக்குத் தெரிந்துவிடும். இன்னும் சற்று நேரத்தில் நோட்டீசும் அவர் கைக்குப் போகும். அதன்பிறகு அம்மாவை வேலைக்கு வைத்துக்கொள்வாரா?

"எம்மா! நான் பொன்மணி! ஆபீசர் இல்லம்மா. தட்டை மெதுவாக் கீழ வச்சிட்டு வா!"

முதலில் அம்மாவின் தலை தெரிந்தது. பிறகு ஒவ்வொருவராக முள்ளை விலக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஏட்டி, நீ எப்ப ஆபீசரானே?" என்றாள் அம்மா, என் கழுத்து அட்டையைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள்.

ராக்காயி அக்கா அம்மாவோடு ஒரே அறையில் உட்காருகிறவள். காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கியபடியே அண்ணாச்சியைப் பார்த்தாள். "ஓட்டுக் கேக்க வர்றவுக மேளம் அடிச்சிட்டு வருவாக. நீங்க ஓட ஓட விரட்டில்ல கேக்குறீக."

அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். நோட்டீசை வாங்கிச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்த ராக்காயி நாலாவதில் நின்றாள்.

"ரூமைப் பூட்டுவீகளோ?"

"நாலு பேருக்கு மேல இருந்தா."

"நாங்க எம்புட்டுப் பேருன்னு இப்பத்தானே பாத்தீக. மிச்சப் பேரு எங்கன போறது? ஆளுக்கொரு தையல் மெஷின் தருவீகளா?"

மறுபடி சிரிப்பு. அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார். "வெடிச்சா நாலு பேரு போறதும் பதினஞ்சு பேரு போறதும் ஒண்ணா தாயி?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "ஒண்ணு இல்லதான்," என்றாள் அம்மா. "ஆனா சாயங்காலம் ஒலை வைக்கணும்ல?"

அண்ணாச்சி வாக்குறுதி எதுவும் கொடுக்காமல் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார். சங்கிலிமுத்து நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு தடவை பார்த்தார்.

அச்சகத்துக்குத் திரும்பியதும் மிச்ச நோட்டீசை அடிக்க வேண்டாம் என்று அண்ணாச்சி நிறுத்தினார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"நாலாவதை எடுத்துரவா அண்ணாச்சி?"

"எடுக்காதே." திரைப் பக்கம் குனிந்தார். "கூடுதல் ரூம் கட்டி முடிக்கிற வரைக்கும், வெளிய நிக்கிறவுகளுக்கு லைசென்ஸ்காரர் கூலி குடுக்கணும்னு சேத்துக்கோ."

"குடுக்கலேன்னா?" இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

"அரசாங்கம் குடுக்கணும்."

"அதுவும் குடுக்கலேன்னா?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "அப்பவும் பூட்டத்தான் வேணும் தாயி. உங்கம்மா தட்டோட ஓடுனதைப் பாத்த பெறகு வேற எப்படிச் சொல்லுவேன்?"

"இதையும் எழுதலாமா?"

"எழுது. ஓட்டுக் கொறையும். பரவால்ல, எழுது."

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். எழுதியது சரியாக இருக்கிறதா என்று தெரியாமல், அம்மா வேலை முடிந்து வந்ததும் படித்துக் காட்டினேன். அதற்கு முன்னால் சங்கிலிமுத்து என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவாரு? அனுப்ப வேண்டிய லோடு நிக்குது, நாளைக்கு வந்துரு, மத்ததைத் தேர்தல் முடிஞ்சு பேசிக்கலாம்னாரு."

நான் படித்து முடிக்கும்வரை அம்மா கையில் ஒட்டியிருந்த மருந்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"அவரு சொல்றது சரிதான்."

"அப்ப அவருக்குத்தான் ஓட்டா?"

"போட மாட்டேன்," என்றாள் அம்மா. "அந்த மனுசன் ஜெயிச்சாருன்னா சொன்னதைச் செஞ்சிருவாரு போல இருக்கு."