பெட்டிக்குள் போன வசவு

இந்தக் காலத்தில் கேட்ட கேள்விக்கு எவரும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. ஒலிப்பதிவுக்காரியும் அப்படித்தான். கணினியின் வயிற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு, "புது கார்டு போடுறேன் ஐயா. குரலை நம்பரா மாத்தும்" என்றாள்.

"நம்பரைத் திரும்பக் குரலா மாத்துறது யாரு, உங்கப்பனா?"

"அண்ணே, சும்மா இரு" என்றாள் என் தங்கை.

மறுநாள் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. பிழைத்துக்கொள்வாள், குரல் மிஞ்சுமா என்று கேட்டால் டாக்டர் கையை விரிக்கிறார். அதற்குள் பேத்திக்கு ஒரு பாட்டையாவது பதிந்து வைக்க வேண்டுமாம். இருக்கிற கொஞ்சக் குரலையும் இங்கே கொட்டாதே என்றேன். எடுபடவில்லை.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை அட்டை. ஒலிப்பதிவுக்காரி அதைக் கணினிக்குள் இருந்த பள்ளத்தில் வைத்து அழுத்தியதும் 'டக்'கென்று உட்கார்ந்தது. திருகாணியை முடுக்கி, மைக்கைச் செருகினாள். தங்கை பாடினாள். திரும்பப் போட்டால் பாட்டு முழுக்கக் கடுகு வெடித்தது.

"பார்த்தியா? இருந்த குரலையும் பொரிச்சு எடுத்துட்டா."

ஒலிப்பதிவுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். அட்டை நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் தடவை குரலை அளக்கிறதாம். அதற்குத் தாளம் போட உள்ளேயே ஒரு கடிகாரம் உண்டாம். இவளோ இல்லாத வெளிக் கடிகாரத்தைப் பார்த்து நட என்று வைத்திருக்கிறாள். மாற்றினாள்.

"அக்கா, பாடாதீங்க, தொண்டை தாங்காது. சும்மா பேசுங்க, சரியான்னு பார்க்கிறேன்."

தங்கை என் பக்கம் திரும்பினாள். "என்னத்தப் பேச? இந்த மனுஷன் என்னைக்காவது சட்டைப் பொத்தானை நேராப் போட்டிருக்காரா? மேல ஒண்ணு கீழ ஒண்ணு. நாளைக்கு நான் வாயில்லாமக் கிடந்தா உனக்கு யாருண்ணே சொல்லுவா?"

குனிந்து பார்த்தேன். கோணல்தான்.

ஒலிப்பதிவுக்காரி அதைத் திரும்பப் போட்டாள். தங்கை வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறாள். அவள் குரல் எதிரே நிற்கிறது. 'நாளைக்கு' என்பதற்கு முன் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. அவள் பேசும்போது பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அது கேட்கவில்லை. பயந்துபோயிருக்கிறாள். அதற்கும் பின்னால் யாரோ புஸ்ஸென்று மூச்சு விடுகிறார்கள்.

"அது யாரு?"

"நீங்கதான் ஐயா."

சட்டென்று மூச்சை அடக்கிக்கொண்டேன்.

பிறகு தங்கை ஒரே மூச்சில் பாடி முடித்தாள். ஒரு கடுகுகூட வெடிக்கவில்லை.

"இனி இது எங்கயும் போகாது ஐயா."

"கரண்டு போனா?"

"போகாது."

"பெட்டியே செத்துப்போனா?"

"இன்னொரு இடத்துலயும் வெச்சிருக்கேன்."

எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள். பொத்தானைத் திருத்தாமலே தங்கையோடு தெருவில் இறங்கினேன்.

"அந்தப் பொத்தான் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லு."

"அதான் பெட்டியில இருக்கே அண்ணே."

"பெட்டி கிடக்கு. நீ சொல்லு. மெதுவாச் சொல்லு" என்றபடி நடந்தேன்.